சீனச் சாலையோரத்தில் யாரும் சிரிப்பதில்லையா?

ஒரு வாசகர் கேட்டது: “சீனா போய்வந்த உறவினர் சொல்கிறார், சாலையில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, இந்தியர் என்று தெரிந்தால் இன்னும் விலகிப் போகிறார்கள் என்று. நீங்கள் அங்கே சைக்கிளில் சுற்றியதாகச் சொன்னீர்களே, நிஜமா?”

9 பிப்ரவரி 2025

பாதி நிஜம். சிரிக்க மாட்டார்கள். ஸ்டூல் போடுவார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் நம் பக்கம் தள்ளி, தாடையால் ‘உட்கார்’ என்று காட்டுவார்கள். அதுதான் உபசரிப்பு என்று விளங்க எனக்கு நாலு நாள் பிடித்தது.

பின்னணி: திருப்பூரில் ஜிப், பட்டன், எலாஸ்டிக் வாங்கி விற்பது என் தொழில். 2024 நவம்பரில் ஃபூஜியன் மாகாணம் ஜின்ஜியாங்கில் நாலு நாள் வேலை. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஷூ, துணி, ஜிப். பசை வாசனை மட்டும் இல்லையென்றால் நம்ம ஊர்தான். வேலை முடிந்தும் ஒன்பது நாள் கையில் இருந்தது. 350 யுவானுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன், நம் காசுக்கு நாலாயிரம் சொச்சம். ஆன்ஹாயில் கிளம்பி சுவான்ஜோ, ஹுய்-ஆன், சோங்வு, பூதியன் வழியாக ஃபூஜோ வரை. 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், முழுக்கச் சைக்கிள்தான். வயது 52, வலது முட்டி சொன்னபடி கேட்காது. ஒரு நாளைக்கு 40, 45 கிலோமீட்டர் போனால் அதிகம்.

சீனம் ஒரு இருநூறு வார்த்தை தெரியும், அதில் பாதி ஜிப் சம்பந்தப்பட்டது. மீதிக்கு போனில் மொழிபெயர்ப்புச் செயலி.

9 பிப்ரவரி, இரவு

முதல் நாள் காலை ஆன்பிங் பாலம். 1138இல் தொடங்கி 1151இல் முடித்த கல்பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் ஒரு மண்டபம். வானத்துக்குக் கீழே இதைவிட நீளமான பாலம் கிடையாது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மண்டபத்தில் நாலு பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. சரி, உறவினர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று தாண்டிப் போனேன். (அப்போது உங்கள் உறவினரைத் தெரியாது, எனக்கும் அப்படி ஒரு உறவினர் இருக்கிறார்.) பின்னால் ஒரு அதட்டல். திரும்பினால் அதில் ஒருவர் என் துண்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பையிலிருந்து எங்கேயோ விழுந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு மூன்று தடவை ‘ஷியே ஷியே’ சொன்னேன். அவர் பூச்சியை விரட்டுவதுபோல் கையை ஆட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். சிரிப்பு? கிடையாது.

மதியம் குழாய், ஷவர் விற்கும் கடை. நிழலுக்காக வாசலில் நின்றேன், அவ்வளவுதான். ஃபூஜியனில் எந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு டீ மேசை இருக்கும். டயர் கடை, மருந்துக் கடை, சவப்பெட்டி விற்கும் கடையானாலும் உண்டு. மேசையே ஒரு தட்டு மாதிரி, தண்ணீர் வடிய ஓட்டை, பக்கத்தில் மின் கெட்டில், மூடியுள்ள ஒரு கிண்ணம், நம் வீட்டுக் குங்குமச் சிமிழ் அளவில் கோப்பைகள். ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தேன். கடைக்காரர் ஊற்றினார். எடுத்துக் குடித்துவிட்டேன்.

அது குடிக்க ஊற்றியது இல்லை, கோப்பை கழுவ ஊற்றியது. முதல் ஊற்றைக் கொட்டிவிட வேண்டுமாம்.

அப்போதுதான் சிரித்தார்கள். கடைக்காரர், அவர் மனைவி, குழாய் வாங்க வந்தவர், எல்லோரும்.

11 பிப்ரவரி

டீ பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தியேகுவான்யின். பக்கத்து ஆன்ஷி மாவட்டத்தில் விளைவது. ஏழெட்டு கிராம் சின்னப் பொட்டலங்களாக, காற்றில்லாமல் அடைத்து வரும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒரே இலையில் ஆறேழு தடவை ஊற்றுகிறார்கள்.

கஷ்டம் என்னவென்றால், கோப்பை காலியானால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று வளர்ந்தவன் நான். நான் குடிக்க, அவர் ஊற்ற, நான் குடிக்க. 23 வரை எண்ணினேன். அன்றிரவு மூன்று மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

இன்னொன்று. பக்கத்தில் இருந்தவர், அவருக்கு டீ ஊற்றும்போதெல்லாம் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று எனக்குச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

11 பிப்ரவரி, பிற்பகல்

விளங்கிவிட்டது. பினாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அந்தத் தட்டல் நன்றி. வாயால் சொல்லாமல் விரலால் சொல்வது. பேரரசர் சியென்லோங் மாறுவேடத்தில் போனபோது ஊழியனுக்கே டீ ஊற்றினாராம். மண்டியிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஊழியன் விரலை மடக்கி மேசையில் வணங்கினான் என்று ஒரு கதை சொல்வார்களாம். கோப்பையை நிரப்பியபடியே விட்டுவிட்டால் ஊற்ற மாட்டார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். மூன்று மாதம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா ஐயா.

அவருடைய ஊர்ச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் இந்தக் கரையிலிருந்து போனதுதான். ‘ஜியாக் பா புவே’ என்று யாராவது கேட்டார்களா என்கிறார். கேட்டார்கள், வேறு மாதிரி காதில் விழுந்தது. ‘வயிறாரச் சாப்பிட்டாச்சா’ என்று பொருள். முதல் இரண்டு நாள் இந்தக் கேள்வியைச் செயலி மொழிபெயர்த்துச் சொன்னதும் நான் நேர்மையாக ‘இல்லை’ என்றேன். உடனே கையில் ஏதாவது வந்து சேர்ந்தது: ஆரஞ்சு, கடலை, ஒரு தடவை ஆவியில் வெந்த முழு பன். நம்ம ஊரில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் ‘ஆச்சுங்க’ என்றுதான் சொல்வோம், பசித்தாலும். இங்கே மட்டும் எனக்கு ஏன் அது தோன்றவில்லை? வெளிநாடு போனால் எதையும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம், வேறென்ன.

அந்தக் குழாய்க்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டதில் ஒரே ஒரு சொல்தான் எனக்குச் செயலி இல்லாமல் புரிந்தது: ‘தே’. இந்தக் கரைப் பேச்சில் டீக்கு ‘தே’தான். தேயிலை, தேநீர் என்று நாம் எழுதுகிற ‘தே’, ஆங்கிலத்து டீ, மலாய்க்காரர் ‘தே’, எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பேச்சு. சாயா என்று சொல்கிறவர்கள் வேறு வழியாக வாங்கியவர்கள்.

12 பிப்ரவரி

சாலையில் பெண்கள் என்னை ‘ஷுவாய்கே’ என்று கூப்பிட்டார்கள். அழகன் என்று பொருள். பழக்கடை, நூடுல்ஸ் கடை, பெட்ரோல் பங்க், எல்லா இடத்திலும். சும்மா ஒரு தகவலுக்காக.

12 பிப்ரவரி, பத்து நிமிடம் கழித்து

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: “அது எல்லா ஆம்பளையையும் கூப்பிடுவது. தாத்தாவையும்.” தெரியும் ஐயா. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற, பல் ஒன்றும் இல்லாத பெரியவரை அதே கடைக்காரி அப்படித்தான் கூப்பிட்டார். இரண்டு நாளாவது சந்தோஷமாக இருக்க விட்டார்கள்.

நான் எல்லாக் கடைக்காரரையும் ‘லாவ்பான்’ என்றேன், முதலாளி. ஓட்டுநர், மெக்கானிக் என்றால் ‘ஷிஃபு’. நம் ‘அண்ணே’ மாதிரி வேலை செய்கிறது. இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னாலே பாதி முகம் இளகும்.

16 பிப்ரவரி

பணம். 2023 முதல் வெளிநாட்டு அட்டைகளை அலிபே, வீசாட் என்ற போன் செயலிகளில் இணைத்துப் பணம் கட்டலாம். கடைகளில் பெரும்பாலும் வேலை செய்யும். தெருவில் கூடை வைத்து விற்கிறவர்களிடம் கடைக்கான QR குறியீடு இருக்காது, தனிநபர் குறியீடு இருக்கும். நான் போனபோது அதற்கு வெளிநாட்டு அட்டையிலிருந்து பணம் போகவில்லை. இது தெரியாமல் லுவோயாங் பாலத்துப் பக்கம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கும் ஒரு அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

முதலில் விலையிலேயே குழப்பம். எவ்வளவு என்றேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். இரண்டு விரல், இரண்டு யுவான். நீட்டினேன். முறைத்துவிட்டு மறுபடி அதே விரல். துப்பாக்கி மாதிரி இருந்தது. சுட்டுவிடுவேன் என்கிறாரோ? பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற பெண் போனில் ‘8’ என்று தட்டிக் காட்டியது. இவர்கள் ஒரு கையிலேயே பத்து வரை எண்ணிவிடுகிறார்கள். அந்த விரல் எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஆறு. ஆள்காட்டி விரலைக் கொக்கி போட்டால் ஒன்பது.

சரி எட்டு. குறியீட்டைக் காட்டினார், பணம் போகவில்லை. மறுபடி, போகவில்லை. நூறு யுவான் நோட்டை எடுத்தால் அவரிடம் சில்லறை இல்லை. இதற்குள் கிழங்கைப் பாதி தின்றுவிட்டேன். அந்தப் பெண் தன் போனை நீட்டி எட்டு யுவான் கட்டிவிட்டு, பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். பின்னாலேயே ஓடினேன். பையிலிருந்த ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைக் கையில் திணித்தேன். வாங்க மறுத்தது. சைக்கிளைப் பாலத்தில் சாய்த்துவிட்டு ஒரு நடுவயது அந்நியன் ஒரு சிறுமியைத் துரத்தி மிட்டாய் கொடுக்கிற காட்சி வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று அப்புறம்தான் உறைத்தது. வேர்த்துவிட்டது. கிழங்கு அம்மா உரக்க ஏதோ சொன்னார், அதன் பிறகுதான் வாங்கிக்கொண்டது.

லுவோயாங் பாலம் 1053 முதல் 1059 வரை கட்டியது. தூண் கற்களைப் பிணைக்கச் சிப்பி வளர்த்திருக்கிறார்கள். சிப்பி ஒட்டி ஒட்டிக் கல்லைக் கவ்விக்கொள்ளும். இன்றும் அந்தப் பக்கம் பெண்கள் வாசலில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். போய் நின்று பார்த்தால் ஸ்டூல் வரும்.

18 பிப்ரவரி

சர்க்கரைவள்ளியே அங்கே வெளியூர்ச் சரக்கு. 1593இல் சென் ஜென்லோங் என்ற ஃபூஜோ பக்கத்து வணிகர் லூசோனிலிருந்து, அதாவது ஸ்பானியர் கையிலிருந்த பிலிப்பைன்ஸிலிருந்து, கொடியைக் கொண்டுவந்தார். கயிற்றோடு கயிறாகச் சுற்றி ஒளித்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதன் பெயரின் முதல் எழுத்துக்கு ‘அந்நிய’ என்று பொருள். குழாய்க்கடைக்காரரின் மனைவி என்னைச் சுட்டி ‘ஹுவான்-ஆ’ என்று சொன்னது நினைவிருந்தது. பினாங்குக்காரரிடம் கேட்டேன். அதே எழுத்துதானாம். நானும் கிழங்கும் ஒரே ரகம்.

23 பிப்ரவரி

தங்குமிடம் பற்றிக் கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார், இந்தியர் என்பதால் அறை தர மறுத்தார்கள் என்று. எனக்கும் நடந்தது, ஒரே மாலையில் இரண்டு தடவை. சின்ன ஊர். பெயர் வேண்டாம். கையை ஆட்டி ‘இல்லை, இல்லை’. நானும் முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தேன்.

மூன்றாவது விடுதி அம்மாளும் ‘இல்லை’ என்றுதான் சொன்னார். ஆனால் சைக்கிளையும் என் முட்டியையும் பார்த்தார். வெந்நீர் கொடுத்தார். (எதற்கும் வெந்நீர்தான். பச்சைத் தண்ணீர் கேட்டால் உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.) அப்புறம் எங்கோ போன் செய்தார். கால் மணி நேரத்தில் மின்சார ஸ்கூட்டரில் ஒரு இளம் போலீஸ்காரர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விஷயம் இவ்வளவுதான்: வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். ஓட்டல் என்றால் ஓட்டல்காரரே செய்வார். சின்ன விடுதிகளுக்கு அந்தப் பதிவு பழக்கமில்லை, தப்பாகச் செய்துவிடுவோமோ என்று பயம், அதனால் ‘இல்லை’. போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து, அந்த அம்மாளின் தோளுக்கு மேலாக நின்று, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்தார். என் அப்பா பெயரை எங்கே போடுவது என்பதில் இருவருக்கும் பெரிய விவாதம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதைச் செயலி வழியாக விளக்க இருபது நிமிடம் ஆனது.

எல்லா மறுப்பும் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முதல் விடுதிக்காரர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது.

2 மார்ச்

ஒரு திருத்தம். ‘முழுக்கச் சைக்கிள்தான்’ என்று முதல் நாள் எழுதியிருந்தேன். பொய்.

நவம்பரில் அந்தக் கரையில் வடகிழக்குக் காற்று. தைவான் நீரிணைக்குள் புகுந்து முகத்தில் அறையும். நான் போனதோ வடகிழக்கு நோக்கி. வரைபடம் பார்த்தேன், ஏற்ற இறக்கம் பார்த்தேன், காற்றைப் பார்க்கவில்லை. சுவான்ஜோவுக்கு மேற்கே ஜியூரி மலையில் சோங் அரச வம்சக் காலத்து அதிகாரிகள் கப்பல்களுக்காகக் காற்றை வேண்டி வழிபட்டதைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சோங்வுக்கு முன்னால் ஒரு மேட்டில் சைக்கிளைத் தள்ளக்கூட முடியவில்லை. மூன்று சக்கர மின்வண்டி ஒன்று நின்றது. ஓட்டியவர் ஹுய்-ஆன் பெண், ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் மூங்கில் தொப்பி, கன்னத்தை மூடிய பூப்போட்ட துணி, குட்டையான மேல்சட்டை, அகலமான கறுப்புக் கால்சட்டை. இந்த உடை பற்றி அங்கே ஒரு கேலிப் பாட்டு உண்டு: தலை நிலப்பிரபுத்துவம், வயிறு ஜனநாயகம், சட்டை சிக்கனம், கால்சட்டை ஊதாரி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினார், சைக்கிளை ஒரு கையால் தூக்கினார், பின்னால் இருந்த சிமென்ட் மூட்டைமேல் போட்டார், என்னைப் பார்த்தார். ஏறிக்கொண்டேன். ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் கல்பட்டறைகள், உளிச் சத்தத்தோடு மின்ரம்பச் சத்தம், முடியாத புத்தர்கள் வரிசையாக வெயிலில். மாமல்லபுரத்தில் வளர்ந்திருந்தால் கண்கலங்கியிருப்பேன், நான் திருப்பூர்.

இறக்கிவிட்டபோது இருபது யுவான் நீட்டினேன். வேண்டாம் என்று கையை மடக்கினார். சரி என்று பையில் போட்டுக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

3 மார்ச்

அந்த இருபது யுவான் உறுத்துகிறது. நம்ம ஊரில் ‘வேண்டாங்க’ என்றால் முதல் தடவையிலேயே பையில் போட்டுக்கொள்வோமா? இரண்டு தடவை வற்புறுத்துவோம், குழந்தை கையில் திணிப்போம், வண்டி சீட்டில் வைத்துவிட்டு ஓடுவோம். அங்கேயும் அப்படித்தான் என்று அப்புறம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு உணவகத்தில் பில்லுக்காக இரண்டு பேர் கிட்டத்தட்டச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டை என்று விலக்கப் போனேன்.

அந்த அம்மா நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது. சிமென்ட் மூட்டைமேல் வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம்.

5 மார்ச்

சிறு கேள்விகளுக்கு மொத்தமாக.

சைவம்: ‘ச்சி சூ’ என்று சொல்லுங்கள். புத்த கோயில் பக்கம் சைவ உணவகம் இருக்கும். மற்ற இடத்தில் கீரை வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

எல்லைப் பிரச்சினை பற்றி யாராவது பேசினார்களா: ஒருவர், நூடுல்ஸ் கடையில். செயலி அதை ‘வேலி தகராறு’ என்று மொழிபெயர்த்தது. எனக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நிஜமாகவே ஒரு வேலி தகராறு உண்டு, அதைச் சொன்னேன். பேச்சு விவசாயத்துக்குப் போய்விட்டது.

இந்திய ரயில் கூரைப் பயணம் பற்றிக் கேலி: இளைஞர்கள் கேட்டார்கள், போனில் படமெடுத்துக்கொண்டே. கோவை எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்து ஜன்னலோரம் உட்கார்ந்துதான் போவேன் என்றேன். ஏமாந்துபோனார்கள். எனக்குக் கோபம் வரவில்லையே என்று ஒருவர் திட்டியிருக்கிறார். வரவில்லை.

சினிமா: ஆமிர் கானை எல்லோருக்கும் தெரியும், செல்லமாக ‘மி மாமா’. ஒரு பெரியவர் ராஜ் கபூர் பாட்டை முழுதாகப் பாடிவிட்டு என்னைச் சேர்ந்து பாடச் சொன்னார். எனக்கு இந்தி வராது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? வாயை மட்டும் அசைத்தேன். தமிழனாகப் பிறந்து இந்தித் தேர்வில் காப்பியடித்தது சீனாவில்தான்.

9 மார்ச்

சுவான்ஜோ கோயில் பற்றி எழுதவில்லையே என்று நாலு பேர். 1281இல் சம்பந்தப்பெருமாள் என்பவர் அந்த ஊரில் சிவன் கோயிலுக்கு வைத்த தமிழ்க் கல்வெட்டு பற்றி உங்களுக்கே தெரியும். அந்தக் கோயில் இப்போது இல்லை. அதன் கற்கள் என்று சொல்லப்படுபவை கையுவான் புத்த கோயிலில் இருக்கின்றன. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு தூண்கள், வட்டம் வட்டமாக 24 சிற்பங்கள்.

கூட்டமெல்லாம் முன்பக்கம். பின்னால் ஒரு அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். நான் தூணைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு வேகமாக வந்தார், தொடக்கூடாது என்று. நரசிம்மத்தைக் காட்டி, வயிற்றைக் கிழிப்பதுபோல் நடித்து, ‘எங்க ஊர்’ என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அடுத்ததைக் காட்டினார், இது யார்? யானையும் முதலையும். அடுத்தது? கண்ணன் இரண்டு மரத்துக்கு நடுவில். சில எனக்கே தெரியவில்லை, அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். பத்து வருடமாகப் பெருக்குகிறேன், யாரும் சொன்னதில்லை என்றாராம், செயலி சொன்னது. ‘பத்து வருடமாகத் துடைப்பம், மனிதர்கள் பேசுவதில்லை’ என்பதுதான் அது நிஜமாகச் சொன்னது. மீதி என் ஊகம்.

15 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன்.

இரண்டாம் நாள் இரவு, ஜின்ஜியாங் ஓரத்தில் ஷூ கம்பெனிகளுக்கு எதிரே ஒரு நூடுல்ஸ் வண்டி. அங்கே குய்ஜோ மாகாணத்திலிருந்து வந்த ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஷூவுக்கு அடி ஒட்டும் பிரிவில் வேலை, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளை. ஃபூஜியன் சாப்பாட்டில் காரமே இருக்காது, கொஞ்சம் இனிக்கக்கூடச் செய்யும். அவர் பையிலிருந்து அவர் ஊர் மிளகாய் எண்ணெய் புட்டியை எடுத்தார். என் கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு கரண்டி போட்டார். மூன்று நாள் கழித்து நாக்குக்கு உயிர் வந்தது. நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கரண்டி.

அவர் பேசியது பொதுச்சீனம், அதனால் செயலிக்குச் சுலபம். முதல் நாள் குடித்த 23 கோப்பை டீ பற்றிப் பெருமையாகச் சொன்னேன். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்றேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பிறகு, ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், அந்த மேசையில் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சு எனக்கும் புரியாது, உனக்குப் புரியாத மாதிரியேதான் என்றார். வெளிநாட்டுக்காரன் ‘வாய்குவோரன்’, வெளியூர்க்காரன் ‘வாய்தீரன்’. நீ அது, நான் இது, நடுவில் ஒரு சத்தம்தான் வித்தியாசம் என்று விரலால் காட்டினார்.

மகள் ஊரில் பாட்டியோடு. குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால் இங்கே பள்ளியில் சேர்ப்பது சுலபமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, வசந்த விழாவுக்குப் போவார். என் நூடுல்ஸுக்கும் அவரே கட்டிவிட்டார், நான் போனை எடுப்பதற்குள்.

இது இரண்டாம் நாளே நடந்தது. முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். டீ, ஸ்டூல், கிழங்கு என்று ருசியாக எழுதி முடித்துவிட்டு இப்போது சொல்கிறேன். அந்த ஸ்டூல் எனக்கு ஏன் வந்தது என்பதற்கு முழுப் பதிலும் அவர்களுடைய நல்ல மனசு இல்லை. கொஞ்சம், நான் வேடிக்கைப் பொருள். முதல் ஊற்றைக் குடிப்பவன். குய்ஜோக்காரர் குடித்திருந்தால் சிரித்திருப்பார்களா?

எங்கள் கடைக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒடிசாப் பையன்கள் பதினைந்து பேர் இருக்கிறார்கள். நாலு வருடமாக. ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

16 மார்ச்

“மூன்று நாள் கழித்து நாக்குக்கு உயிர் வந்தது என்கிறீர்கள், ஆனால் இரண்டாம் நாள் இரவு என்கிறீர்களே?” ஜின்ஜியாங்கில் வேலை பார்த்த நாட்களையும் சேர்த்துச் சொன்னேன். அப்படிப் பார்த்தால் ஆறு நாள். கணக்கில் நான் வீக், ஜிப் வாங்குகிறவர்கள் கவனிக்க.

17 மார்ச்

இன்னொரு திருத்தத்தையும் முடித்துவிடுகிறேன். டீ மேசையில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்: வயது, கல்யாணம், பிள்ளைகள், சம்பளம். ஒளிவுமறைவு கிடையாது. எங்கோ ஒரு பதிலில் ‘நான் உண்மையைச் சொன்னேன், அவர்களும் சொன்னார்கள்’ என்று எழுதியிருந்தேன். நான் பாதியைத்தான் சொன்னேன். குழாய்க்கடைக்காரர் தன் கடைக் கடன் வரைக்கும் சொன்னார். நான் இந்திய ரூபாயை யுவானாக மாற்றுகிற சாக்கில் கொஞ்சம் முழுங்கிவிட்டேன். குறைத்துச் சொன்னால் பாவம் என்று நினைப்பார்களா, கூட்டிச் சொன்னால் விலை ஏற்றிவிடுவார்களா என்று வியாபாரி புத்தி. டீக்கு விலையே இல்லாத இடத்தில்.

20 ஏப்ரல்

“அந்த ஒடிசாப் பையன்களைக் கூப்பிட்டீர்களா?” என்று விடாமல் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்தார்கள், தலையைச் சீவிக்கொண்டு. ஏதோ தப்பு நடந்துவிட்டது, விசாரிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். இந்தி எனக்கு வராது, தமிழ் அவர்களுக்கு மெஷின் பெயர்கள் அளவுக்கு. அதே செயலியை எடுத்து நடுவில் வைத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் கொஞ்சம் முழுங்கித்தான் சொன்னார்கள், முகத்திலேயே தெரிந்தது.

குழாய்க்கடைக்காரர் கொடுத்தனுப்பிய தியேகுவான்யினைப் போட்டுக்கொடுத்தேன். ஒருவனும் இரண்டாவது கோப்பை கேட்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து, இது என்ன கழனித்தண்ணி என்று எடுத்துக்கொண்டு போய், பால், சர்க்கரை, இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். அதைக் குடித்தார்கள்.

2 நவம்பர் 2025

இந்தக் கேள்வி-பதில் இழை தூங்கிக்கொண்டிருந்தது, ஒருவர் எழுப்பியிருக்கிறார். அக்டோபர் 26இல் கொல்கத்தாவிலிருந்து குவாங்ஜோவுக்கு நேரடி விமானம் மறுபடி வந்துவிட்டது, இதே பாதையில் டிசம்பரில் போகலாமா என்கிறார். போகலாம். நான் போனபோது நேரடி விமானம் இல்லை, கோலாலம்பூர் சுற்றிப் போனேன்.

ஒன்று மட்டும்: ஃபூஜோவில் தொடங்கித் தெற்கு நோக்கி வாருங்கள், காற்று முதுகில் இருக்கும். என் சைக்கிளை ஃபூஜோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வண்டிக் கடையில் 120 யுவானுக்குக் கொடுத்தேன். நீல நிறம், பின் கூடையில் கயிறு கட்டியிருக்கும். இன்னும் இருந்தால் வாங்குங்கள். முன் பிரேக் பிடிக்காது.